மரச் சிலைக்கு எண்ணெய் தடவலாமா? விரிசல், உளுப்பு, வண்ணம் உதிர்தல்: விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. சென்னை நங்கநல்லூரில் தரைத்தள வீடு. கள்ளக்குறிச்சியில் வாங்கிய மூன்றடி வேணுகோபாலர், வாகை மரம், பாலிஷ் போட்டது. வந்து எட்டு மாதத்துக்குள் மார்பிலிருந்து பீடம் வரை நெடுக்காக விரிசல் விட்டிருக்கிறது. பீடத்தைச் சுற்றி மாவு போலத் தூள் விழுகிறது. இன்னொன்று தாத்தா காலத்துக் கருடாழ்வார், ஒன்றரை அடி, வண்ணம் பெயர்ந்து உதிர்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா, வார்னிஷ் அடிக்கலாமா, அபிஷேகம் செய்யலாமா, கருடனை அண்ணன் டல்லாஸுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணெயை முதலில் முடித்துவிடலாம். தடவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் காயவே காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து, மடிப்புகளிலும் ஆபரண வேலைப்பாட்டிலும் பழுப்புப் பிசினாக நின்றுவிடும். அதன்மேல் விளக்குக் கரியும் ஊதுபத்திப் புகையும் தூசியும் படிந்து, இரண்டே வருடத்தில் முகம் தெரியாமல் போகும். எறும்பும் கரப்பானும் வரும். பிறகு நல்ல பாலிஷ் போட நினைத்தாலும் எண்ணெய் குடித்த மரத்தில் அது ஒட்டாது. எண்ணெய் விட்டால் மரம் விரியாது என்பதும் சரியில்லை. விரிசலுக்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர், எண்ணெய்ப் பசை குறைந்தது அல்ல. மரப்பாச்சிக்கு எண்ணெய் துடைப்பார்களே என்று கேட்கலாம். செம்மரம் இறுகி வைரம் பாய்ந்த மரம், பொம்மையும் கையளவுதான். துணியில் தொட்ட ஒரு துளியை அது தாங்கும். மூன்றடி வாகைக்கு அதே கணக்கு செல்லாது.

கோயிலில் தைலக்காப்பு சாத்துகிறார்களே என்ற கேள்வி அடுத்து வரும். அது சுதையாலும் மரத்தாலும் ஆன மூலவர்களுக்கு உரிய முறை. ஸ்ரீரங்கம் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி, அதனால் அங்கே தைலக்காப்பு உண்டு. வாசனைப் பொருட்கள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை, அதற்கென்று உரிமையும் பழக்கமும் உள்ளவர்கள் குறித்த காலத்தில் சாத்துவார்கள். கடையில் வாங்கிய எண்ணெயை வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சில் தொட்டுத் தடவுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விரிசலுக்கு வருவோம். பச்சை மரம் காயும்போது நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. ஆனால் குறுக்குவாட்டில் இரண்டு விதமாகச் சுருங்கும். நடுக்குருத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் ஒரு மடங்கு சுருங்கினால், ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். ஒரு முழு உருளையில் இந்த இரண்டும் ஒத்துப்போகவே முடியாது. எங்காவது நெடுக்காகப் பிளந்துதான் ஆக வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள கட்டைக்குச் சுற்றளவு ஏறக்குறைய 94 செ.மீ. இரண்டு சுருக்கத்துக்கும் இடையில் ஒரே ஒரு சதவீதம் வித்தியாசம் என்றாலும் 9 மி.மீ. பிளவு. உங்கள் சிலையில் விரிசல் ஒரே கோடாக, உள்ளே போகப் போகக் குறுகி, நடுவை நோக்கிப் போகிறதென்றால் கட்டையின் நடுக்குருத்து சிலைக்குள்ளேயே இருக்கிறது, மரமும் முழுக்கக் காயாமல் செதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சிலையைத் தலைகீழாகச் சாய்த்துப் பீடத்தின் அடியைப் பாருங்கள். வளையங்களின் மையம் அங்கே தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கள்ளக்குறிச்சி, அரும்பாவூர் இரண்டு ஊர் மரச் சிற்பங்களுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது கைத்திறனுக்குக் கிடைத்த அங்கீகாரம், கட்டை காய்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. பெரிய மரத்தை நாலாகப் பிளந்து, நடுக்குருத்தை ஒதுக்கி, கால் பங்கில் செதுக்கியதோ, முதுகுப் பக்கம் குடைந்து எடுத்ததோ விரிசல் விடுவது மிகவும் குறைவு. அடுத்த முறை வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகையும் அடியையும் பாருங்கள். மரத்தின் ஈரத்தைக் காட்டும் மீட்டரை வைத்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 18, 20 என்று காட்டினால் பணம் கொடுத்துவிட்டு, அங்கேயே சில மாதம் நிழலில் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருவது உத்தமம். மீட்டர் இல்லையென்றால் அதே அளவுள்ள இரண்டு சிலைகளைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

ஈர மரம் ஒரு பக்கம் இருக்க, சென்னையின் காற்று இன்னொரு பக்கம். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்திருந்தால் மரம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரோடு அமைதியாக இருக்கும். 80 ஆனால் மரத்தின் ஈரம் 16-ஐ நெருங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குடித்து ஊதுவதும், ஏசி அறையிலோ சித்திரை வெயிலிலோ காய்ந்து சுருங்குவதும் வருடாவருடம் நடக்கிறது. மரத்துக்கு வயதாவதால் வரும் கேட்டைவிட இந்த ஏற்ற இறக்கத்தால் வரும் கேடு பெரிது. காஞ்சிபுரம் அத்தி வரதர் இதற்கு நல்ல சாட்சி. அத்தி அப்படியொன்றும் உறுதியான மரம் இல்லை. வெளியில் போட்டால் சீக்கிரம் மக்கும், உளுக்கும். தண்ணீருக்குள் நிற்கும் மரமென்று மட்டும் அதற்குப் பெயர் உண்டு. குளத்துக்கு அடியில் ஈரம் மாறுவதே இல்லை, மரத்தைத் தின்னும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் வேண்டிய பிராணவாயுவும் அங்கே மிகக் குறைவு. 1979-க்குப் பிறகு 2019-இல் வெளியே எடுத்து 48 நாள் தரிசனம் முடிந்ததும் மறுபடி நீருக்குள்ளேயே எழுந்தருளச் செய்தார்கள். மரபு அது. மரத்தின் தன்மைக்கும் அது பொருந்துகிறது.

ஆகவே வீட்டில் நாம் செய்யக்கூடிய முதல் வேலை இடம் மாற்றுவது. ஏசிக் காற்று நேராகப் படும் இடம், ஜன்னல் வெயில் விழும் இடம், குளியலறைச் சுவரை ஒட்டிய இடம், சமையலறை ஆவி வரும் இடம் எதுவும் ஆகாது. வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள். தரைத்தளம் என்பதால் நேராகத் தரையில் வைக்கவே கூடாது. நாலு கால் உள்ள மணையோ ஸ்டாண்டோ போட்டு, அடியில் காற்று நடமாட விடுங்கள். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; சிலைக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. 50-க்கும் 65-க்கும் இடையில் ஓடினால் நல்லது. 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். அப்போது மின்விசிறியை மெதுவாக ஓட விடுவதே போதுமான வைத்தியம். புதுச் சிலையை ஏசி அறையில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், முதல் இரண்டு மூன்று வாரம் பருத்தித் துணி சுற்றி ஏசி இல்லாத அறையில் வைத்துப் பிறகு மாற்றுங்கள்.

விரிசலை உடனே அடைக்காதீர்கள். இதைத்தான் பலரும் அவசரப்பட்டுச் செய்கிறார்கள். வெயில் காலத்தில் பிளவு முழுக்க வாய் திறந்திருக்கும்போது எம்-சீலோ, மரத்தூள் கலந்த ஃபெவிகாலோ வைத்து இறுக அடைத்தால், மழைக்காலத்தில் மரம் ஊதி மூட இடமில்லாமல் அந்தக் கட்டியை நெருக்கும். கட்டி நசுங்காது, பக்கத்தில் புது விரிசல் கிளம்பும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். பென்சிலால் விரிசலின் இரு முனையிலும் சிறு கோடு போட்டு, அகலத்தை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். நீளாமல் நின்றுவிட்டது என்று தெரிந்தபின், அதே வாகை மரத்திலிருந்து மெல்லிய ஆப்பு போலச் சீவி, பிளவுக்குள் இறக்கி, ஒரே ஒரு பக்கச் சுவரில் மட்டும் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மற்றப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தால் மரம் அசைவதற்கு வழி இருக்கும். பசைக்குத் தச்சர்கள் பழைய நாளில் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வஜ்ரம் நல்லது, தேவைப்பட்டால் வெந்நீரில் இளக்கிவிடலாம். மயிரிழை அளவு விரிசலுக்கு இதெல்லாம் வேண்டாம். நிறம் சேர்த்த தேன்மெழுகைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது தூள். உங்கள் கேள்வியில் உண்மையில் அவசரமானது இதுதான். பீடத்தின் கீழ் கருப்புத் தாள் விரித்து இரண்டு நாள் விடுங்கள். விழுவது முகப்பவுடர் போல நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவில், அதாவது 1 முதல் 2 மி.மீ. வட்டத் துளைகள் தெரிந்தால் அது உளுக்கும் வண்டு. கசகசா போல மணிமணியாக, விரலில் உருட்டினால் கெட்டியாக இருந்தால் அது உலர்மரக் கரையான். மண்ணோடு தொடர்பே இல்லாமல் கட்டைக்குள்ளேயே குடியிருக்கும். சுவரிலோ தரையிலோ மண் கூடு ஓடினால் அது நிலத்துக் கரையான், அதற்குச் சிலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வைத்தியம் செய்ய வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது மாவு போன்ற தூள், அதுவும் வாகை என்பதால் பெரும்பாலும் வண்டுதான். வைரப் பகுதியை, அதாவது நடுவிலுள்ள இறுகிய மரத்தை, அது தொடாது. பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. பெண் வண்டு முட்டையிடுவதற்கு மரத்தின் நுண்துளைகள் திறந்திருக்க வேண்டும். பாலிஷ் போட்ட முகத்திலும் மார்பிலும் அதற்கு வழி இல்லை. வழி எங்கே இருக்கிறதென்றால் யாரும் பாலிஷ் போடாமல் விட்டுவிடும் பீடத்தின் அடியில். ஈரமும் அங்கேதான் நுழைகிறது. மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். சிலையில் பத்து பைசாவுக்குப் பெறாத இடம் என்று செய்தவரும் வாங்கியவரும் நினைக்கும் இந்த அடிப்பக்கம்தான் சிலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

துளைகள் பழையனவா, புழு இன்னும் உள்ளே வேலை செய்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாத் தூளையும் மென்பிரஷால் துடைத்துவிட்டுத் துளைகள்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவையுங்கள். மூன்று வாரத்தில் காகிதம் துளைபட்டாலோ தூள் மறுபடி குவிந்தாலோ உள்ளே உயிர் இருக்கிறது.

கையடக்கச் சிலையாக இருந்தால் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப்பால் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் டீப் ஃப்ரீசரில் 14 நாள் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவே கூடாது, திறந்தால் குளிர்ந்த மரத்தின்மேல் வியர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூன்றடிச் சிலைக்கு இது ஆகாது. அதற்குப் பிராணவாயு இல்லாத பை முறை இருக்கிறது. சாதாரண பாலித்தீன் காற்றை உள்ளே விடும் என்பதால், அலுமினியத் தாள் சேர்த்த தடிமனான உறை வேண்டும். விளிம்புகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டலாம். உணவுப் பொருள் பொதிகளில் போடும் பிராணவாயு உறிஞ்சிப் பொட்டலங்களைப் பையினுள் போட வேண்டும். கணக்கு எளிது: உள்ளே 100 லிட்டர் காற்று இருந்தால் அதில் 21 லிட்டர் பிராணவாயு. 2,000 சி.சி. பொட்டலம் ஒன்று 2 லிட்டரை உறிஞ்சும். பதினொன்று தேவை, பதினைந்து போடுங்கள். பொட்டலங்கள் சூடாகும், சிலையில் படாமல் வையுங்கள். நிறம் மாறும் காட்டி மாத்திரை ஒன்றையும் ஓர் ஓரத்தில் வைத்து, அது தெரியும்படி சிறு கண்ணாடித்தாள் ஜன்னல் விட்டுக்கொண்டால் கசிவு இருக்கிறதா என்று தெரியும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி அளவில், மூன்று வாரம் போதும். மருந்தே இல்லாத முறை, பாலிஷையும் தொடாது. எனக்குக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இது முடிந்தபின் அடிப்பக்கத்துக்கு போரேட். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பாலிஷ் இல்லாத பீடத்தின் அடியில் மட்டும் பிரஷால் மூன்று கை பூசுங்கள், ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பாலிஷ் மேல் பட்டால் வெள்ளையாகப் பூக்கும், உடனே துடைத்துவிடுங்கள். ஒரு வாரம் காய்ந்தபின் 150 கிராம் அவலரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறப்போட்டு, மல் துணியில் வடிகட்டி, அதே அடியில் மூன்று கை அடித்துவிட்டால் வண்டுக்கும் ஈரத்துக்கும் வாசல் அடைந்தது.

செய்யக்கூடாதவை என்று சில. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கறையும் வாடையும் போகாது, பக்கத்தில் விளக்கு எரிகிறது. தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். நாப்தலின் உருண்டை வண்டை விரட்டலாம், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் புழு செத்துவிடும் என்பார்கள். புழு மரத்தின் உள்பக்கம் நகர்ந்துகொள்ளும், விரிசல் மட்டும் இன்னும் ஒரு விரல் நீளும்.

வார்னிஷ் கேள்விக்குப் பதில்: மேலே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் அடிக்கக் கூடாது. பீடத்தின் பின்பக்கம், கண்ணில் படாத ஓரிடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு விநாடி வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அசையாமல் இருந்து, தின்னருக்குப் பிசுபிசுத்தால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் மெலமைனோ பியூ என்கிற பாலியூரித்தேனோ. அதன்மேல் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது, எதுவும் தேவையும் இல்லை. உலர்ந்த பிரஷால் தூசி தட்டினால் போதும். அரக்குப் பாலிஷ் மங்கியிருந்தால் மெழுகு போடலாம். 100 கிராம் தேன்மெழுகு, 15 கிராம் கார்னூபா மெழுகு, 300 மி.லி. தர்பந்தைன். மெழுகு இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, டப்பாவை வெளியே கொண்டுபோய், அதன்பிறகே தர்பந்தைனைக் கலக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தீப்பிடிக்கும். தனித் தேன்மெழுகு நம் கோடையில் இளகித் தூசியைப் பிடிக்கும். கார்னூபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் சேர்க்கிறோம். மூன்றடிச் சிலைக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். மென்மையான பிரஷால் மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்துப் பழைய பனியன் துணியால் தேய்த்து மினுக்குங்கள். பள்ளங்களில் மெழுகு தங்கினால் பிறகு வெள்ளைக் கோடாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

ஹார்ட்வேரில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் நன்றாகக் காயும், ஆனால் வருடத்துக்கு வருடம் கருக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோதான் எறிய வேண்டும்.

அபிஷேகத்துக்கு மரபிலேயே வழி இருக்கிறது. மரத்தாலும் சுதையாலும் ஆன மூர்த்திக்கு நேராக நீர் விடுவதில்லை. உற்சவருக்கோ கலசத்துக்கோ கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்கோ திருமஞ்சனம் செய்வார்கள். நீங்களும் சிறிய பஞ்சலோக விக்கிரகத்துக்குச் செய்து, வேணுகோபாலருக்குத் தூபமும் தீபமும் காட்டினால் குறை ஒன்றுமில்லை. சிலையைத் தினம் கெடுப்பது உண்மையில் பூச்சரம். மயிலாப்பூர் மாட வீதியில் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் மாலையை அப்படியே சாத்தினால், தோளிலும் மார்பிலும் இரவெல்லாம் ஈரம். நன்றாக உதறி, அரை மணி நேரம் தட்டில் காயவைத்து, தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போட்டு அதன்மேல் சாத்துங்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். சாயம் கலந்த குங்குமம் மரத்தில் ஊறிவிட்டால் எதற்கும் போகாது. நெற்றிக்கு மெல்லிய வெள்ளித் தகட்டில் திருமண் செய்து வைத்துக்கொண்டு பொட்டைத் தகட்டின் மேல் இடுங்கள். விளக்கு இரண்டடி தள்ளி இருக்கட்டும், சிலையின் முகத்துக்கு நேர் கீழே ஒருநாளும் வேண்டாம். கற்பூரக் கரி எல்லாவற்றையும் விட மோசம்.

ஏற்கெனவே கரி படிந்திருந்தால் ஈரத் துணி ஆகாது, கரி மரத்துக்குள் இறங்கும். முதலில் உலர்ந்த மென்மயிர் பிரஷ். பிரஷின் தகரப் பட்டையில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், கீறாமல் இருக்கும். எண்ணெயோடு கலந்த கரிக்கு மினரல் டர்பன்டைனைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பின்பக்கம் சோதித்து, உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விளக்கு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கு உமிழ்நீரை நனைத்த பஞ்சையே பயன்படுத்துவதுண்டு. அதிலுள்ள நொதி அழுக்கை நன்றாகக் கரைக்கும். பூஜையில் இருக்கும் பெருமாளுக்கு எச்சில் பஞ்சு என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காய்ச்சி வடித்த நீரைப் பட்டும் படாமல் தொட்டுக்கொள்ளலாம். மைக்ரோஃபைபர் துணியைத் தவிர்த்துவிடுங்கள். குழல் முனையிலும் விரலிலும் நூல் மாட்டினால் முறிந்துவிடும். தூக்கும்போதும் பீடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், கையையோ பிரபாவளியையோ பிடிக்கக் கூடாது.

கருடாழ்வாருக்கு இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. எண்ணெய், மெழுகு, ஸ்பிரிட், ஃப்ரீசர், பிரஷ், எதுவும் வேண்டாம். பழைய வண்ணச் சிலையில் மரத்தின்மேல் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், சில இடங்களில் தங்க ரேக் என்று அடுக்குகள் இருக்கும். மரம் ஊதிச் சுருங்கும்போது அந்தப் பூச்சு கூடவே அசைய முடியாமல் பெயர்கிறது. ஈரத்துணி பட்டால் பசை இளகி, அழுக்கோடு வண்ணமும் வந்துவிடும். சிலையை மெத்தென்ற துணியில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். உதிர்ந்த செதில்களை ஊதாமல் தாளால் அள்ளி, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி உறையில் போட்டு வையுங்கள், நல்ல கைகளில் கிடைத்தால் அவை திரும்பப் போய் ஒட்டும். எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணங்களில் சாதிலிங்கம், அரிதாரம், ஈயச் செந்தூரம் இருக்கக்கூடும். முறையே பாதரசம், ஆர்செனிக், ஈயம். கையைக் கழுவாமல் எதையும் தொட வேண்டாம், பிள்ளைகளை அண்டவிட வேண்டாம்.

எனாமல் பெயின்ட் வாங்கிப் புதுசாக அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பெயின்ட் காய்ந்து இறுகும்போது அடியிலுள்ள பழைய பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930 முதல் இயங்குகிறது. மரச் சிற்பங்களுக்கென்று அங்கே ஒரு காட்சிக்கூடமும் உண்டு. புகைப்படங்களோடு அங்கே போய் ஆலோசனை கேட்பதிலிருந்து தொடங்குங்கள். கை, அலகு, இறக்கை முறிந்திருந்தால் அரால்டைட், ஃபெவிக்விக் இரண்டையும் தொடாதீர்கள். அவற்றைப் பிறகு பிரிக்க முடியாது. இரும்பாணி கூடவே கூடாது, துருவேறி ஊதி மரத்தைப் பிளக்கும். மூங்கில் ஆணியும் வஜ்ரமும்தான் முறை. பூஜையில் இருப்பது பின்னப்பட்டால் வைத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் வீட்டுப் பட்டாச்சாரியாரிடம் கேளுங்கள். மீட்க முடியாத மரத் திருமேனியை அக்னியில் சேர்ப்பதும், கல்லை நீரில் விடுவதும் பழைய வழக்கம். அந்த நிலைக்கு உங்கள் கருடன் வரவில்லை.

கொலுப் பொம்மைகளோடு மரச் சிலைகளையும் சேர்த்துப் பரணில் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நவராத்திரி முடிந்து கட்டிவைக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஈரக் காற்றையும் பெட்டிக்குள் சேர்த்துப் பூட்டினால் தை மாதம் திறக்கும்போது பூஞ்சை பூத்திருக்கும். கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். கஞ்சி வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. செய்தித்தாள் வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்டால் ஈரமானியும் கூடவே போகட்டும், 45-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். 2015, 2023 டிசம்பர்களைப் போல வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், பாலிஷ் சிலையிலிருந்து சேற்றை நல்ல தண்ணீரில் உடனே கழுவி, பருத்தித் துணி சுற்றி, நிழலில், வாரக்கணக்கில் மெதுவாகக் காயவிடுங்கள். துணி நனைந்தால் துணியை மாற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

கடைசிக் கேள்வி, டல்லாஸ். கருடன் நூறு வயதைத் தாண்டியது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். தனிநபர் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயது சந்தேகம் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் யோசியுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30-க்கும் கீழே போகும். சென்னைக் காற்றில் பழகிய மரமும் அதன்மேல் ஏற்கெனவே தளர்ந்த வண்ணமும் முதல் குளிர்காலத்தையே தாங்காது. அண்ணனுக்கு நன்றாகக் காய்ந்த தேக்கில் புதிதாக ஒரு கருடன் செய்யக் கொடுங்கள், வளையத்தின் மையம் பீடத்துக்குள் வராமல் பார்த்துக் கட்டை எடுக்கச் சொல்லி.